வெந்நீர் விடுதிக்கு அம்மா வரவில்லை

அந்த விடுதியில் தங்கியிருந்த நாட்களில் நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கோபம் பெரியவர்களுக்கு விளையாட்டாகத்தான் தெரியும். எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

அப்பா கார்களுக்கு இருக்கை தைக்கும் ஃபக்ரறி ஒன்றில் வேலை செய்தார். மார்கழி மாத நத்தார் விருந்தில் சீட்டிழுத்தபோது அவருடைய பெயர் விழுந்தது. நகரத்துக்கு வடக்கே, யப்பானியத் தம்பதி ஒன்று நடத்தும் வெந்நீர் விடுதியில் நான்கு பேர் போய் இரண்டு இரவு தங்கலாம். யப்பானில் மலையடிவாரங்களில் பூமிக்குள்ளிருந்தே சுடுநீர் ஊறுமாம். அதைச் சுற்றி விடுதிகள் கட்டியிருப்பார்களாம். சனங்கள் குளிப்பதற்கென்றே போய்த் தங்குவார்களாம். நாங்கள் இருந்த கனடாவின் ஒன்ராறியோவில் மாசி மாதம் தோண்டினால் பனிக்கட்டிதான் வரும். ஆகவே இந்தத் தம்பதி கிணற்று நீரைக் காய்ச்சித் தொட்டிகளில் விட்டு, மற்றதையெல்லாம் தங்கள் ஊர்போலவே செய்து வைத்திருந்தார்கள்.

நான்கு பேர் என்றால் அப்பா, அம்மா, அண்ணா, நான். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அம்மா காலையில் கோப்பிக்கடையிலும் பின்னேரம் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலையிலும் நின்றார். அந்த வெள்ளி, சனி, ஞாயிறுக்காக இரண்டு சுப்பவைசர்மாரிடமும் கெஞ்சி லீவு எடுத்திருந்தார். ஊதா நிறத்தில் தடித்த துவாய் ஒன்றும் வாங்கினார். “குளிக்கிறதுக்கு லீவு எடுத்த ஆள் உலகத்திலை நான் ஒருத்திதான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரிப்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

வியாழக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார், கொஞ்ச நேரம் கேட்டார், பிறகு கீழே பேஸ்மன்ற்றுக்குப் போய் அங்கிருந்த தொலைபேசியில் பேசினார். அம்மாவும் பின்னால் இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி மேலே வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“அம்மாவுக்கு லீவு இல்லையாம். மாமி வருவா” என்றார் அப்பா.

“லீவு எடுத்தாச்செண்டு அம்மா சொன்னவா!”

“சத்தம் போடாதை பிள்ளை” என்றார் அம்மா. “நான் வரேல்லை. அவ்வளவுதான்.”

மாமி என்றால் அப்பாவின் அக்கா. திருகோணமலையில் கலியாணம் கட்டி, மாமா இறந்த பிறகு, முதல் பனிக்குச் சற்று முன்னர்தான் மல்வேர்னில் எங்களோடு இருக்க வந்தார். பத்தொன்பது வயதில் ஒரே மகன். அவனைக் கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் நாள் சொல்லும்வரை சித்தப்பன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மாமிக்கு என் அறையைக் கொடுத்தார்கள். என் கட்டிலையும் கொடுத்தார்கள். நான் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டு, அவன் என்ன சாப்பிடுவான், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன், எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டே நித்திரையானேன். முகம் தெரியாத அந்த மச்சானிலும் எனக்குக் கோபம்தான்.

அன்று மாமி ஆங்கில வகுப்பிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் கூச்சப்பட்டார். “பெண்சாதியை விட்டிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போறியோ? சனம் சிரிக்கும்” என்றார். அம்மாதான் வற்புறுத்தினார். “நீங்கள் ஒருக்காப் போட்டு வாங்கோ மச்சாள். இஞ்சை வந்து வீட்டுக்குள்ளையே கிடக்கிறியள்.” சொன்னதோடு நிற்கவில்லை. அந்த ஊதாத் துவாயையும் எடுத்து மாமியின் பையில் வைத்தார். அதைப் பார்த்ததும் நான் மேலே போய் அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். அது மாமியின் அறையும் என்பதால், கொஞ்ச நேரத்தில் திறக்கவேண்டி வந்தது.

விடுதி அழகாகத்தான் இருந்தது. கோபத்தில் இருந்த எனக்கே அது தெரிந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். நிலமெல்லாம் பாய் பதித்திருந்தார்கள். அறையில் கட்டில் இல்லை, கதிரை இல்லை, தொலைபேசியும் இல்லை. விடுதிக்கார அம்மாள் எல்லோருக்கும் பூப்போட்ட நீல அங்கி தந்து, எப்படிக் கட்டுவதென்று காட்டினார். அண்ணா கண்ணாடிக்கு முன்னால் கராட்டி அடித்தான். அப்பா கமெராவை எடுத்து மாமியைப் படம் பிடித்தார். “அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ!” அப்பாவே ஏன் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை பெண்களின் குளிப்பிடத்துக்கு மாமியோடு என்னை அனுப்பினார்கள். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவவேண்டும், அதன் பிறகே தொட்டியில் இறங்கலாம், உடுப்போடு இறங்கக்கூடாது என்று விடுதிக்கார அம்மாள் கையால் விளங்கப்படுத்தினார். மாமி வெட்கப்பட்டுத் திரும்பி ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். “பொம்பிளையள்தானே, என்ன இப்ப” என்றுவிட்டு அவர் இறங்கிவிட்டார். நான் அங்கியைக் கழற்றவில்லை. சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

தொட்டி வெளியே இருந்தது. சுற்றிவர மூங்கில் வேலி, கல்லெல்லாம் பனி, நடுவில் ஆவி. மாமி கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து குளிரில் குறண்டியே நடந்த மனுசி, அன்று தோளைத் தளர்த்தியதை முதல்முறை கண்டேன்.

“இறங்கு பிள்ளை. கன்னியாத் தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு.”

நான் அங்கியின் கட்டை இன்னும் இறுக்கினேன்.

கன்னியா என்பது திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள வெந்நீர்க் கிணறுகள். இறந்தவர்களுக்குக் கிரியை செய்யவும் அங்கே போவார்களாம். மாமாவின் அந்தியேட்டிக்கு மகனோடு போன கதையை, நான் கேட்காமலே, மாமி தொடங்கினார்.

“ஏழு கிணறு. ஒண்டு மாதிரி ஒண்டு சுடாது. தேப்பனுக்குக் கிரியை நடக்குது, இவன் வாளியையும் தூக்கிக்கொண்டு கிணறு கிணறா ஓடுறான். ஏழிலையும் அள்ளி ஊத்தினாத்தான் வருவன் எண்டு நிண்டவன். ஐயர் பேசுறார், எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது.” தண்ணீரைக் கையால் அளைந்தார். “அவன் வந்து சேரட்டும். இஞ்சை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வரவேணும். நீ அப்பாட்டைச் சொல்லு, என்ன?”

இந்த இடத்தில் இருக்கவேண்டியவர் என் அம்மா. மாமி சொன்னது எதுவும் எனக்குள் போகவில்லை. அந்த ஒரு நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

பின்னேரம் விடுதிக்கார அம்மாள் கதவைத் தள்ளித் திறந்து, தொலைபேசியில் அழைப்பு என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது தலைமயிரில் பனி படிந்திருந்தது. கோட் இல்லாமல் வெளியே நின்றிருக்கிறார்.

“அம்மாதான். சாப்பிட்டியளோ எண்டு கேட்டவா.”

“ஏன் என்னைக் கூப்பிடேல்லை?” என்று கத்தினேன். “என்ரை அம்மாவோடை நான் கதைக்கக்கூடாதோ?”

வேறு நாளென்றால் அடி விழுந்திருக்கும். அப்பா தலையில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றார். மாமிதான் “விடு தம்பி, பிள்ளை தாயைத் தேடுது” என்றார். அவர் எனக்காகப் பரிந்து பேசியது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்றிரவுச் சாப்பாட்டை மறக்கமுடியாது. குள்ள மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். அப்பா மாமியின் கிண்ணத்தில் சோறு போட்டார், மீனை முள்ளெடுத்து வைத்தார், இன்னும் சாப்பிடுங்கோ என்றார். ஃபக்ரறிப் பகிடிகளைச் சொன்னார். மாமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணாவும் சிரித்தான். நான் சோற்றைத் தொடவில்லை.

ஞாயிறு மத்தியானம் மல்வேர்னுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் வாசல் நிறையச் சப்பாத்துகள்.

“ஆருக்குப் பிறந்தநாள்?” என்றார் மாமி, சிரித்தபடிதான்.

உள்ளே இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அம்மா வந்து மாமியின் இரண்டு கைகளையும் பிடித்தார். ஊரில் சந்தியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பொடியன்கள் செத்துப்போனார்கள், அதில் ஒருவன் மாமியின் மகன் என்பதை யார் சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. மாமி போட்ட சத்தம் ஞாபகமிருக்கிறது. அழுகை அல்ல, ஒரு கேள்வி.

“எப்ப தெரியும்?”

அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

“தம்பி, உன்னைத்தான் கேக்கிறன். எப்ப தெரியும்?”

“வியாழக்கிழமை, அக்கா. ஆனா நிச்சயமாத் தெரியாது. முந்தியும் ஒருக்காப் பிழையான செய்தி வந்ததுதானே? அதுதான்...”

“நிச்சயமா எப்ப?”

“நேற்று.”

மாமி அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்தார். “நேற்று எனக்குச் சோறு போட்டனியேடா! முள்ளெடுத்துத் தந்தனியேடா! என்ரை பிள்ளை செத்துக் கிடக்க, பூச்சட்டை போட்டுப் பல்லைக் காட்டவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தனியே!” அப்பாவின் தோளில் தொங்கிய கமெராவைப் பறித்தார். மூடியைப் பிய்த்துத் திறந்து, பிலிமை இழுத்து இழுத்து வெளிச்சத்தில் போட்டார். பெரியவர்கள் யாருக்கும் தடுக்கத் துணிவு வரவில்லை.

பின்னாளில் அப்பாவிடம் நானும் கேட்டிருக்கிறேன். “இன்னும் ஒரு ராத்திரி நிம்மதியாப் படுக்கட்டும் எண்டுதானே” என்பார். அன்பினால் செய்தார் என்பதை நம்புகிறேன். ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு தாயின் துக்கத்தை எப்போது தொடங்குவதென்று தீர்மானிக்க அவர் யார்? அம்மா மீதும் கோபம்தான். ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுக்க ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்பது சரி. அந்தத் துவாயை மடித்து வைத்த அம்மாவால் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போயிற்றா? செலவுக் கிரியை முடிந்ததும் மாமி பிறம்ரனில் மாமாவின் உறவினர் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அப்பாவோடு பேசவில்லை. அப்பா போனபோதெல்லாம் கதவைத் திறக்கவுமில்லை. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அன்று, இழுத்த பிலிம் காலடியில் சுருண்டு கிடக்க, மாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாகப் படிக்கட்டில் நின்ற என்னிடம் கண் வந்து நின்றது. நான் மூன்று நாள் கோபத்தோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

“இவள் ஒருத்திதான் சிரிக்கேல்லை” என்றார். “எல்லாரும் நடிச்சியள். இந்தக் குஞ்சுக்கு ஏலேல்லை. ரெண்டு நாளும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை, சோறு தின்னேல்லை. எனக்காக இருந்த ஒரே சீவன் இவள்தான்.”

வந்து என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அப்போதுதான் அழத் தொடங்கினார். அந்த அழுகையில் என் உடம்பும் குலுங்கியது. மூச்சு முட்டியது. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் அம்மாவைத் தேடினேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவின் இடத்தை எடுத்தது போதாதென்று, இப்போது என்னையும் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.