வால் பக்கம் ஒட்டிய பச்சை

என் சீனியர் என் படத்தைத் திருடினான். நேரில் 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டேன்; இங்கே அந்த மரியாதை கிடையாது.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே போய் உட்காருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் மூன்று வருட வேலை. புரதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை அதனோடு ஒட்டி, உயிருள்ள செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். முதலில் வால் பக்கம் ஒட்டினேன். செல் முழுக்கப் பச்சை, அத்தனை அழகு, ஆனால் தப்பு. அந்தப் புரதம் போகவேண்டிய விலாசமே அதன் வாலில்தான் இருக்கிறது. ஆயுத பூஜை மாலையால் ஊர்ப்பெயரை மறைத்துவிட்ட டவுன் பஸ் கதைதான். பிறகு தலைப் பக்கம் ஒட்டினேன். மங்கலாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. அதுதான் சரி.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று அதியமான்கோட்டை வீட்டில் இரண்டு வாரம் இருந்தேன். அதற்குள் சீனியர் லேப் கம்ப்யூட்டரிலிருந்த, செல் முழுக்கப் பச்சையான அந்த அழகான படத்தை எடுத்துத் தன் ஆய்வேட்டில் சேர்த்துவிட்டான். ஊரான் வீட்டு நெய்யல்லவா! கைடிடம் போய்ச் சொன்னேன்.

"அவன் முடிக்கப்போற நேரம்மா. நீ வேற டாபிக் பாத்துக்க."

வீட்டுக்கு வந்து அழுதேன்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான், வுடு கண்ணு" என்றாள் அம்மா.

விடுவேனா? தண்ணீரை நானே ஊற்றுவதென்று முடிவு செய்தேன். அவன் திருடியது தப்பான படம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வாய்மொழித் தேர்வு அன்று காலை, "பாப்பா, எல்லாருக்கும் டீ சொல்லிரு" என்றான். சொன்னேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால், "புரதம் செல் முழுக்கப் பரவியிருக்கு" என்று படத்தைக் காட்டினான். கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"அண்ணா, பச்சைய எந்தப் பக்கம் ஒட்டுனீங்க?"

"வால்... வால் பக்கம்."

"விலாசம் வால்லதானேங்க இருக்கு? அத மூடிட்டா அது எங்க போவும்?"

தேர்வாளர் நிமிர்ந்தார். "தலைப் பக்கம் ஒட்டிப் பாத்தீங்களா?" என்று அவனைக் கேட்டார். அவனிடம் ஏது? என் பென்டிரைவில் அந்தப் புள்ளிப் படங்கள் இருந்தன. தேதி போட்ட என் நோட்டும் பையில் இருந்தது. இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அவன் முகம் வெளுத்ததை ஆசைதீரப் பார்த்தேன்.

ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி தரச் சொல்லிவிட்டார் தேர்வாளர். வெளியே வந்ததும் கைடு மடக்கினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியுங்க சார்."

"சொல்லியிருக்கலாமில்ல? அவனுக்கு ஒரு வருசம் போச்சே!"

"எனக்கு மூணு வருசம் போனப்ப வேற டாபிக் பாக்கச் சொன்னீங்க சார். அவரையும் பாக்கச் சொல்லுங்க."