இரண்டு சுற்று டேப்

ஆஸ்டின் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது வந்த எலக்ட்ரீஷியன் அவர். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தாலும் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் பிடித்துக்கொள்ளும் என்பார்.

சிவாஜிநகரில் ஆசையாக வாங்கிய பித்தளை விளக்கை வாஷ்பேசினுக்கு மேலே மாட்டச் சொன்னேன். சுவரைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

"ரெண்டு ஒயர்தான் வருது. எர்த்தே இல்ல. மாட்ட மாட்டேன்."

"டேப்ப ரெண்டு சுத்து சுத்துங்க. அதானே டபுள் இன்சுலேஷன்?" என்றேன் எரிச்சலாக.

அவ்வளவுதான், கன்னடம் கலந்து கத்த ஆரம்பித்தார்.

"சும்னே பேசாதீங்க சார்! டபுள் இன்சுலேஷன்னா விளக்கே அப்படிச் செஞ்சு வரணும். கட்டத்துக்குள்ள கட்டம்னு அடையாளம் இருக்கும். அதுக்குத்தான் எர்த் வேணாம். இதுல டேப் காஞ்சு விட்டுச்சுன்னா பித்தளை பூரா கரண்ட். பளபளன்னு இருக்கே, யாரு தொடைப்பாங்க இத? நீங்களா?"

ஈரத் துணியோடு என் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

விளக்கை என் கையில் திணித்துவிட்டு அவர் போய்விட்டார். ஊரில் வேறு ஆளே இல்லையா என்று நானும் கத்தினேன். ஆனால் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

அந்த விளக்கு இன்னும் பரணில் கறுத்துக் கிடக்கிறது. அதை நான் ஒருநாளும் துடைத்ததில்லை.