இடது கெண்டைக்காலில் ஆரம்பித்த பயம்

மூன்று வருடத்துக்கு முன்னால், குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இடது கெண்டைக்காலில் ஏதோ ஊர்வது மாதிரி இருந்தது. எறும்பாக இருக்கும் என்று சேலையைத் தூக்கிப் பார்த்தேன். எறும்பு இல்லை. சதை தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி. கையால் அழுத்திப் பிடித்தேன். விட்டதும் மறுபடி துடித்தது.

நின்று வேலை செய்த அலுப்பு என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் அது தொடைக்கு வந்தது. பிறகு கட்டை விரலுக்கு. பிறகு வலது கண் இமைக்கு. பக்கத்து வீட்டு அக்கா, "எந்தக் கண்ணு துடிக்குது?" என்று கேட்டார். வலது என்றதும் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அவர் பேச்சை மாற்றிய விதம் மனதில் ஒட்டிக்கொண்டது.

என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் அப்போது திருவாரூரில் காலேஜ் இரண்டாம் வருடம். அவள் பஸ் ஏறிப் போன பிறகு, போனை எடுத்துத் தேடினேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், கை போகும், கால் போகும், கடைசியில் மூச்சு விடவும் முடியாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைப் பார்த்த பிறகு போனில் எதைத் திறந்தாலும் அதே மாதிரி வீடியோவாகவே வந்து நின்றது.

அதற்கப்புறம் நான் என்னையே சோதிக்க ஆரம்பித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று பார்ப்பேன். ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடி, திறக்க முடிகிறதா என்று பார்ப்பேன். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி, அதுவும் துடிக்கிறதா என்று பார்ப்பேன். கணவர் வீடியோ காலில் வரும்போது கட்டை விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். சொன்னால் மனிதர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்.

எங்கள் ஊர் டாக்டர், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சத்து ஊசி போட்டார். குறையவில்லை. துணி எடுக்கப் போகிறேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குத் தனியாகப் போய், ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். ஊசி குத்தி நரம்பைச் சோதித்து, ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு, "நரம்பெல்லாம் நல்லா இருக்கும்மா. கால்சியம்தான் குறைவா இருக்கு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் நம்பவில்லை. துணைக்கு யாரும் இல்லாமல் வந்திருக்கிறாளே என்று பரிதாபப்பட்டு மறைக்கிறார் என்றே நினைத்தேன். கால்சியம் மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். துடிப்பு நிற்கவில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போகவும் ஆரம்பித்தது. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

நான் போய்விட்டால் இவளுக்கு யார்? எந்நேரமும் இதே யோசனைதான். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம் ரொம்ப நாளாகவே மகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. படிப்பு முடியட்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது நானே போன் போட்டு, "வந்து பாருங்க" என்றேன்.

மகளுக்கு நம்பவே முடியவில்லை. "மேல படிக்கலாம்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"இப்ப வேற சொல்றேன். கேளு."

அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கணவர், "என்ன இவ்ளோ அவசரம்?" என்று கேட்டதற்கு, "நல்ல இடம், கைவிட்டுப் போயிடும்ங்க" என்று சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள். நானே டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பாதி தூரம் வந்ததும் இரண்டு கை விரல்களும் ஒன்றாகக் குவிந்து மடங்கின. கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய் இறுகிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. தட்டு விழுந்து டீயெல்லாம் தரையில் ஓடியது.

நான் பயந்துகொண்டிருந்த நாள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்கு நேரம் வந்துருச்சுங்க. என் மகளை நீங்கதான் பாத்துக்கணும்."

மகள் ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் அவளுக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அந்த அம்மா பதறவில்லை. "என்ன பேச்சு பேசுறீங்க? முதல்ல கார்ல ஏறுங்க" என்று என் தோளைப் பிடித்துத் தூக்கினார். திருவாரூர் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். கார் ஊர்ந்துதான் போனது. பெண் பார்க்க வந்த அந்த அம்மா, மடங்கிக் கிடந்த என் விரல்களைத் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டபடியே வந்தார். முன் சீட்டில் இருந்த மகள் திரும்பியே பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் வயது குறைந்த பெண் டாக்டர். உடனே ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, என் கைப்பையில் ஒளித்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்தார். "மாத்திரை ஏதாவது?" என்றார். நான் வழக்கம்போல, "கால்சியம் தவிர எதுவும் இல்ல டாக்டர்" என்றேன். அவர் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, காலைல எந்திரிச்சதுலேர்ந்து வாயில என்னென்ன போடுறீங்க, வரிசையா சொல்லுங்க."

"பல் விளக்கிட்டு, கேஸுக்குப் போட்டுட்டு, அப்புறம் டீ..."

"இருங்க. கேஸுக்கு என்ன போடுவீங்க?"

மாத்திரைதான். ஒரு நோன்பு மாதத்தில் நெஞ்செரிச்சல் தாங்க முடியாமல் போனபோது, இரண்டு வாரம் சாப்பிடச் சொல்லி டாக்டர் ஒருவர் கொடுத்தது. நிறுத்தினால் எரிச்சல் வருகிறதே என்று நானாகவே மெடிக்கலில் வாங்கி வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். பல் விளக்குவது மாதிரி அது ஒரு பழக்கம். அதை நான் மாத்திரை என்றே நினைத்ததில்லை.

ரத்த ரிப்போர்ட் வந்தது. அந்த டாக்டர் சந்தேகப்பட்டதுதான். உடம்பில் மக்னீசியம் ரொம்பக் குறைந்துபோயிருந்தது. அந்த மாத்திரையை ரொம்ப வருடம் சாப்பிட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். மக்னீசியம் குறைந்தால் எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் உடம்பில் ஏறாதாம். அதனால்தான் துடிப்பு, மரப்பு, விரல் மடங்கினது எல்லாம்.

"அப்ப அந்த நரம்பு நோய்?" என்றேன்.

"அதெல்லாம் இல்லம்மா. தஞ்சாவூர் டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரு. அவருகிட்டயும் இந்த மாத்திரையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

டிரிப் ஏற ஏற விரல்கள் மெல்லப் பிரிந்தன. நான் அழுதேன். மகள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எதுக்கும்மா கல்யாணம்னு சொன்னீங்க?"

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் குனிந்து, "புள்ள படிக்கட்டும்ங்க. ஒரு தாய் பயந்துபோய்க் கொடுக்குற பொண்ணைக் கூட்டிட்டுப் போய் நாங்க என்ன செய்யப் போறோம்?" என்றார். அன்று சாயங்காலமே கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இனிமே எதையும் மறைக்காத" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி, நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து கொடுத்து, கொஞ்ச நாளைக்கு மக்னீசியமும் கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் துடிப்பு இருந்த இடம் தெரியாமல் போனது. பட்டுக்கோட்டைப் பையனுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் நடந்தது. நானும் மகளும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மகள் இப்போது தஞ்சாவூரில் மேற்படிப்பு படிக்கிறாள்.

கெண்டைக்கால் துடித்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். ஆனால் எனக்கு இல்லவே இல்லாத ஒரு நோய்க்குப் பயந்து, என் மகளின் வாழ்க்கையை அவளைக் கேட்காமலே முடிவு செய்யப் போனேனே, அதை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை.