கயிறு பிடித்த விருந்தாளி

பிழைப்புக்கு ஊர் ஊராகத் திரிந்த நான், சுனாமிக்கு அடுத்த வருடம் தேவிபட்டினத்தில் கரைவலை இழுத்தேன். வலையைக் கரைக்கு இழுக்கும் கயிற்றில் கை வைத்தவர் யாரானாலும் மீனில் பங்கு உண்டு. முதல் நாள் நான் பசியாறியதே அப்படித்தான். அதனால், சுற்றுலா விசாவில் வந்து ஆசையாய்க் கயிறு பிடித்த பிரெஞ்சுக்காரர் லூயிக்கும், பங்கு பிரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபின், தினமும் பங்கு கொடுத்தேன்.

ஒருநாள் போலீஸ்காரர் வந்தார்.

"ஏலே, சுத்திப் பாக்க வந்தவர வேலைக்கா வச்சிருக்க?"

"சம்பளமே இல்ல சார். மீனுதான் குடுக்குறேன்."

"அந்த மீனுதாண்டா கூலி! சட்டப்படி இவர ஏரோப்ளேன் ஏத்தி அனுப்பிருவாங்க."

'ஏரோப்ளேன்' என்றது காதில் விழுந்ததும் லூயி கயிற்றைக் கீழே போட்டார். நான் கெஞ்சியதால் போலீஸ்காரர் எச்சரிக்கையோடு விட்டார்.

இப்போதெல்லாம் வெளிநாட்டவர் வந்தால் கயிற்றைத் தொட விடுவதில்லை. மணலில் உட்காரவைத்து, என் பங்கு மீனில் குழம்பு வைத்துக் கொடுக்கிறேன். விருந்தைக் கூலி என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?