மிஷனுக்கு வராத மாரியம்மன்

வெள்ளம் என்றதும் எனக்கு முதலில் வருவது தண்ணீரின் சத்தமல்ல, எண்ணெய்க்காக வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகள் இரண்டு நாள் நீரில் ஊறிக் கிளப்பிய புளித்த நாற்றம்தான். கோலசிலாங்கூருக்கு வடக்கே எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முழங்காலுக்குத் தண்ணீர் ஏறிய அன்று காலை, மாதா கோயில் மிஷனிலிருந்து லோரி அனுப்பியிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதலில் ஏறவேண்டும் என்றார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. ஆஸ்பத்திரியில் பிறந்த எனக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. ஐசி என்னும் அடையாள அட்டை எடுப்பதற்காக அதைப் பள்ளிப் பையிலேயே வைத்திருந்தேன். லயத்து வீட்டில் பிறந்த அக்காவை யாரும் போய்ப் பதியவில்லை, அதனால் அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. அவள் இங்கேதான் பிறந்தாள் என்று தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பழைய கிராணி எழுதி, மருத்துவச்சியின் கைநாட்டையும் வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு கடிதம்தான் அவளுக்கு இருந்த ஆதாரம். அந்த இருவரும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அடுத்த வாரம் அந்தக் கடிதத்தோடு பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டும். லயத்தில் எல்லார் வீட்டிலும் முக்கியமான தாள்களைச் சாமி படத்துக்குப் பின்னால்தான் செருகி வைப்பார்கள்; அங்கே திருடனும் கைவைக்கமாட்டான், பிள்ளைகளும் தொடமாட்டார்கள். எங்கள் கடிதம் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருந்தது.

அம்மா அந்தப் படத்தை எடுக்கக் கை நீட்டியதை நான் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "மாதா கோயிலுக்குள்ள ஆத்தாவ எப்படிக் கொண்டுபோறது? சோறு போடுறவங்க மனசு சங்கடப்படும்ல" என்றாள். பிறகு, "நீயே வீட்டப் பாத்துக்க தாயி" என்று கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். கடிதம் அவள் நினைவில் இல்லை. என் நினைவிலும் இல்லை. பள்ளிப் பை நனையாமல் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பதிலேயே நான் குறியாக இருந்தேன்.

மிஷன் மண்டபத்தில் நெத்திலிக் கஞ்சி ஊற்றினார்கள். சுவரோரத்து நீளப் பெஞ்சில், மாதா சிலைக்குப் பக்கத்திலேயே, லயத்திலிருந்து வந்த முருகன்களும் பிள்ளையார்களும் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா அம்மாவைப் பார்த்து, "எங்க முருகன் லோரியில மொத ஆளா ஏறிட்டாரு. ஒங்க ஆத்தாவுக்கு மட்டும் நீச்சல் தெரியுமாக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சிஸ்டரும் சிரித்து, "கொண்டாந்திருக்கலாமே அம்மா, பெஞ்சுல எடம் இருக்கு லா" என்றார். அம்மாவும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அவள் முகம் மாறியது. "அய்யோ, கிராணி லெட்டரு" என்றாள்.

அக்கா கிண்ணத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். சிஸ்டர் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சிஸ்டர், நெஞ்சளவுதான் இருக்கும்" என்று அவள் கத்தியபோது, லயத்தில் தண்ணீர் ஜன்னலைத் தாண்டியிருந்தது.

நாலாம் நாள் அப்பா சம்பான் படகில் போய்ப் படத்தைக் கொண்டுவந்தார். அதன் முதுகில் கடிதம் தோல் போல ஒட்டியிருந்தது. அம்மா அதை மெல்ல உரித்து மிஷன் அடுப்பருகே காயவைத்தாள். அக்கா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, "நீதான படிச்சவ, என்னா இருக்குன்னு பாரு" என்று என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்; அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. தாளில் நீலக் கறை மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றேன்.

பிறகு சிஸ்டர் மலாய் மொழியில் கடிதம் எழுதிக்கொண்டு அம்மாவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பிறந்ததைக் கண்ணால் பார்த்த வெளியாள் வரவேண்டும் என்றார்கள் அதிகாரிகள்; மருத்துவச்சியைத் தவிர அப்படி யாரும் இல்லை.

இன்று அந்த லயம் இல்லை. அங்கே இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சிஸ்டர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. சரோஜா அக்கா ரவாங்கில் மகன் வீட்டில் யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருக்கிறார். என் அக்கா லயத்தில் பிறந்தவள் என்று சொல்லக்கூட இனி யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது.

போன மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐசி இல்லாததால் அவள் கல்யாணம் கோயிலோடு நின்றது, பதிய முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புப் பதிவுப் பாரத்தை, பட்டம் வாங்கிய நான்தான் எழுதினேன். கல்யாணம் பதியாததால் பிள்ளை தாயின் கணக்கில்தான் வரும்; தாயின் ஐசி எண் கேட்ட இடத்தைக் காலியாக விட்டேன்.

"இவளுக்காச்சும் ஐசி கெடைச்சிரும்ல?" என்று அக்கா கேட்டாள்.

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். "பாக்கலாம்க்கா" என்றேன்.