இரண்டாவது பேப்பர்

அந்தக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாசலுக்குப் போனேன். பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே எதிர்ப் பத்திரிகையை எடுத்துப் பிரிப்பது என் வழக்கம். தருமபுரியில் உள்ளூர்ச் செய்திகளுக்கென்றே வரும் இரண்டு நாளிதழ்களில் ஒன்றில் நான் உதவி ஆசிரியர். மற்றொன்று அந்தோணிசாமி அண்ணனுடையது. நாங்கள் கோட்டை விட்டதை அவர் பிடித்திருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். அன்று வாசலில் எங்கள் பேப்பர் மட்டும் கிடந்தது.

உடனே சந்தேகம் வந்தது. கடைசி நேரத்தில் ஏதோ பெரிய செய்தி அவர் கையில் சிக்கியிருக்கிறது, முதல் பக்கத்தை மாற்றுவதற்காக அச்சை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பேப்பர் போடும் முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன்.

“அவங்க பேப்பர் ஏங்க போடல?”

“இன்னிக்கு அடிக்கலீங்கக்கா.”

“ஏன், என்ன நியூஸ் வெச்சிருக்காரு?”

“அவரே போயிட்டாருங்க. நேத்து நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. உங்க ஆபீசுக்குக் கூடவா சொல்லல?”

அந்தோணிசாமி அண்ணனை அறிந்த உங்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழை பெய்தது என்ற செய்தியைக்கூட அவர் எளிதில் நம்பமாட்டார். பாப்பிரெட்டிப்பட்டியில் நல்ல மழை என்று நிருபர் சொன்னால், அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் போட்டு, “ரோட்டுல தண்ணி ஓடுதா, இல்ல மேகந்தான் வந்துச்சா?” என்று கேட்பார். இதைச் சொல்லி எங்கள் ஆபீசில் சிரிப்போம். சிரித்துவிட்டு மறுநாள் அவர் பேப்பரில் மழை வந்திருக்கிறதா என்றும் பார்ப்போம்.

எங்களைப் போன்ற சிறிய பத்திரிகைகளுக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள்தான். கொண்டுவருபவர் அழுத கண்ணோடு நிற்பார். அவரிடம் யார் என்ன கேட்க முடியும்? அந்தோணிசாமி அண்ணன் கேட்பார். இறந்தவரின் தெருவில், உறவில்லாத ஒருவரிடம் விசாரிக்காமல் அந்த விளம்பரம் அவருடைய அச்சுக்குப் போகாது. சாவு வீட்டிலும் சாட்சி கேட்கிறவன் என்று பலர் அவரைத் திட்டியிருக்கிறார்கள்.

ஒருமுறை இண்டூரிலிருந்து ஒரு விளம்பரம் இரண்டு பத்திரிகைகளுக்கும் வந்தது. நிலத்தகராறில் இருந்த பங்காளி ஒருவர், உயிரோடிருக்கும் தன் பங்காளியின் படத்துக்கு மாலை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களுக்கு அது தெரியாது, போட்டுவிட்டோம். அண்ணன் போடவில்லை. படத்தில் இருந்தவர் அன்று காலையே பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றார்.

“பேப்பரு நான் செத்துட்டேங்குது. கண்டக்டரு டிக்கெட்டு வாங்குன்றான். எதைங்க நான் நம்பறது?”

முதலாளி அவரை உட்காரவைத்து காபி வாங்கிக் கொடுத்து, மறுப்புப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் அங்கிருந்து நேராக எதிர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். மறுநாள் அவர்களுடைய முதல் பக்கத்தில் கையில் கண்ணாடிக் கிளாசோடு அவர் படம். கீழே ஒரே வரி: ‘இண்டூர் விவசாயி நேற்று நம் அலுவலகத்தில் டீ குடித்தபோது.’ எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டி எழுதியிருந்தால் பதிலுக்கு நாங்களும் திட்டியிருப்போம். அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கிராமங்களில், இரண்டு பேப்பரிலும் வந்தால்தான் சாவு உறுதி என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடைகள் இரண்டையும் வாங்கின. எங்கள் தவறால் அவருக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் விற்பனை கூடியது.

பாலக்கோடு தக்காளி விலையிலும் இதே கதைதான். எங்களுக்கு விலை சொல்வது மண்டிக்காரர். அந்தோணிசாமி அண்ணன் பஸ் ஏறிப் போய் மார்க்கெட் வாசலில் நிற்பார், அல்லது ஆளை நிறுத்துவார். விற்றுவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்புகிறவர்களிடம் மட்டும் கேட்பார். “உள்ள போறவங்க ஆசையைச் சொல்லுவாங்க. வெளிய வர்றவங்கதான்மா வெலையச் சொல்லுவாங்க” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் விலையும் எங்கள் விலையும் வேறாக இருக்கும் நாளில் எங்கள் முதலாளி மண்டிக்காரரைப் போனில் பிடித்து உலுக்குவார். அடுத்த நாள் எங்கள் விலை சரியாக இருக்கும். அவர் பேப்பரைத் தொட்டே பார்க்காத எங்கள் வாசகர்களுக்கும் சரியான விலை கிடைத்தது அவரால்தான். இது எனக்குப் புரியவே பல வருடங்கள் ஆயின.

அவர்மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. துணிக்கடைக்காரர்கள் விளம்பரத்தை எங்களுக்கே தருவார்கள். எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. விபத்து நடந்த இடத்தில் ரத்தம் காய்வதற்குள் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இந்த நிலையில் அவர் எப்படி ஓட்டுகிறார்? பின்னால் எந்தக் கட்சிக்காரர் இருக்கிறார்? நகராட்சிக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவரிடமே கேட்டுவிட்டேன்.

“கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன், காதுகுத்துப் பத்திரிகை அடிக்கிறேன். அதுல இது ஓடுது. நம்பலையா?”

“நம்பலைங்கணா.”

“நம்பாதீங்க. நானும் உங்க முதலாளியை நம்பறதில்ல. அவரும் என்னைய நம்பறதில்ல. ஊருக்கு அதுதான் நல்லதும்மா. நாங்க ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுட்டு நடந்தா அன்னிக்குப் பயப்படுங்க.”

அடக்கத்தன்று அவருடைய வீட்டில் எங்கள் முதலாளி அழுததைப் பார்த்தேன். பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். முப்பது வருடம் முறைத்துக்கொண்ட ஆள் போய்விட்டால் யாருக்கும் அழுகை வரும். ஆனால் கல்லறையிலிருந்து திரும்பியதும் அண்ணனின் மகள் ஸ்டெல்லாவைத் தனியாக அழைத்து, அவள் தோளில் கை வைத்து வெகுநேரம் பேசினார். ஸ்டெல்லா ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பத்திரிகைத் தொழில் தெரியாது.

ஆபீசுக்கு வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, அவருக்கு ஒரு அஞ்சலி எழுது. முதல் பக்கம் முழுசும் தர்றேன். நல்லா உருகி எழுது.”

விளம்பரம் வந்தால் தலைப்புச் செய்தியையே சுருக்கும் மனிதர் அவர். “முழுப் பக்கமாங்க?” என்றேன்.

“ஆமா. அவங்க பேப்பரை நாமளே எடுத்துக்கறோம். நம்ம பேருக்குக் கீழ சின்ன எழுத்துல அவங்க பேரையும் போட்டு ‘இணைந்தது’ன்னு போட்டுக்கலாம். அந்தப் புள்ளைக்கும் நிம்மதி.”

“தனியா நடத்தமாட்டோமா?”

“என்னம்மா நீ. ஒரு பேப்பர் ஓடறதே பெரும்பாடு. என்னோட நானே போட்டி போடச் சொல்றியா?”

கணக்கில் அவர் சொல்வது தவறில்லை. இந்த ஊர் இனி இரண்டு பேப்பர்களைத் தாங்குமா என்று என்னைக் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் நான் உருகி எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தச் சின்ன எழுத்துக்குத்தான் இடம் செய்து கொடுக்கும் என்பது தெரிந்தது. எழுத உட்கார்ந்தும் இரண்டு நாள் ஒரு வரியும் வரவில்லை. வரும் நாட்களில் மண்டிக்காரர் சொன்னதுதான் விலையாக இருக்கும். அவரை உலுக்க எங்கள் முதலாளிக்கு ஒரு காரணமும் இருக்காது.

நேற்று ஸ்டெல்லா போன் செய்தாள். “அக்கா, திங்கட்கிழமை கையெழுத்துப் போடச் சொல்றாரு உங்க முதலாளி. அப்பா பேரு அழியாதுங்கறாரு. நீங்க சொல்லுங்க, போடலாமா?”

“ஏம்மா, அவர்கிட்ட வேலை பாக்கறவகிட்டப் போய்க் கேக்கறியே.”

“வூட்டுல அப்பா உங்களைப் பத்தித்தான்க்கா திட்டிட்டே இருப்பாரு. அந்தப் பொண்ணு நம்ம பேப்பரை வரி விடாமப் படிக்குது, ஒரு தப்பு கூட விடமாட்டேங்குதுன்னு. அதான் கேட்டேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு என்னையே சந்தேகப்பட்டேன். இருபது வருட வேலை அலுத்துப்போனதற்கு ஒரு செத்த மனிதரைச் சாக்காக எடுத்துக்கொள்கிறேனா? அப்படியும் இருக்கலாம். அவருடைய நாற்காலியில் உட்கார எனக்கு ஆசையா? அதுவும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சியது. நான் நன்றாக வேலை செய்த நாட்களெல்லாம் அவருக்குப் பயந்து செய்த நாட்கள். அந்தோணிசாமி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். அது இந்த ஊரில் யாராவது ஒருவருக்கு என்னால் இருக்க வேண்டும்.

முதலாளி கேட்ட அஞ்சலி இதுதான். இதை அவர் மேசையில் வைக்கப்போவதில்லை. கையெழுத்துப் போடவேண்டாம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை அண்ணனின் அச்சகத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கேயே இருந்துவிடப் போகிறேன். எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று தெரியாது. என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதலாளி மற்ற எல்லோரையும் போல இதை அண்ணனின் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.