தங்கச்சிக்கு வந்த வீல்சேர்

நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனை வராந்தா. வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் தங்கை ஷீபாவின் தோளைப் பிடித்து, "சேச்சி, இதில் இரிக்கூ" என்று மலையாளத்தில் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டார்.

நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். ஷீபா நல்ல தடி. பின்புறமும் தொடையும் அவளுக்குப் பின்னால் தனியாக வாசலைக் கடக்கும் என்று நானே கேலி செய்வேன். ரயில் நிலையத்திலிருந்து என்னை ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, தாங்கிக்கொண்டு வந்ததில் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. களைப்பில் அவளும் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் துள்ளி எழுந்து, "அய்யோ, எனக்கு ஒண்ணும் இல்ல. இவளுக்காக்கும் வய்யாத்தது" என்று என்னைக் காட்டினாள்.

மாரடைப்பு எனக்கு. கல்யாணத்தின்போது எவ்வளவு எடை இருந்தேனோ, ஏறக்குறைய அதே எடைதான் அன்றைக்கும்.

இதை எழுதுவது என்னைப் போன்ற மெலிந்த பெண்களுக்காக. தடித்தவர்களுக்கு ஊரே வைத்தியம் சொல்லும். நமக்குச் சொல்ல ஆளில்லை.

எனக்கு வீடு கொல்லயில் என்ற ஊரில். வேலை திருவனந்தபுரத்தில், ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில். தினமும் பாறசாலையில் காலை ரயில் ஏறுவேன். பெண்கள் பெட்டியில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்களில் பலருக்கும் மாதவிடாய் நிற்கும் வயது. சட்டென்று உடம்பு தீப்பிடித்த மாதிரி ஆகி வியர்த்துக் கொட்டும். யாராவது "சூடு வருதுட்டீ" என்றால் போதும், சன்னலோரத்தில் இருப்பவள் எழுந்து இடம் கொடுத்துவிடுவாள். காரணம் கேட்பதில்லை. நாளைக்கு அவளுக்கும் வேண்டுமே.

எனக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு உடம்பில் எது வந்தாலும் அந்தக் கணக்கில்தான் எழுதினேன். ஸ்டேஷன் மேம்பாலம் ஏறும்போது மூச்சு முட்டியது. நின்னுபோனதால் வரும் தளர்ச்சி என்றேன். தாடையில் ஒரு கடுப்பு வந்து வந்து போனது. பல் என்றேன். முதுகில் வலித்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு முதுகு வலிக்காதா? நெஞ்சில் மட்டும் வலி வரவில்லை. வந்திருந்தால் பயந்திருப்பேன்.

எங்கள் சர்ச் சபையில் மருத்துவ முகாம் நடந்தபோதும் ஷீபாவோடு போனேன். எடை பார்த்தார்கள். ஷீபாவுக்கு அரைமணி நேரம் அறிவுரை. சோறு குறைக்கணும், எண்ணெய் குறைக்கணும், நெஞ்சு கேடாகும். எனக்கு ஒற்றை வார்த்தை: கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளை வாரினேன். அவள் முறுக்கு தின்றுகொண்டே கேட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று காலை ரயிலில் தாடைக் கடுப்போடு வியர்வையும் வந்தது. "சூடா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வழக்கம்போல் சன்னலோரம் கிடைத்தது. காற்று முகத்தில் அடிக்க அடிக்க வியர்வை நிற்கவில்லை. அமரவிளை தாண்டும்போது குமட்டியது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் அன்பாக விசிறிவிட்டார்கள். ஒரு மாரடைப்புக்கு அத்தனை பேரும் சேர்ந்து காற்று வீசிக்கொண்டிருந்தோம்.

நெய்யாற்றின்கரையில் ஷீபா ஏறினாள், அவள் வீடு அங்கே. பாலராமபுரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அப்போது அவளுக்கு மாதவிடாய் நிற்கவில்லை, அதனால் எங்கள் சூட்டுக் கூட்டத்தில் அவள் சேர்த்தியில்லை. என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கை ஐஸ் மாதிரி தணுத்திருக்கு. இது சூடொண்ணும் இல்ல. எழும்பு."

"அடுத்த ஸ்டேஷன்ல பாப்போம் மக்கா."

"பாக்கண்டாம். எழும்புட்டீ!"

பிறந்ததிலிருந்து அன்றுதான் அவள் என்னை, அக்காவென்றும் பாராமல், எட்டீ போட்டாள். ரயில் நகரத் தொடங்குமுன் இழுத்து இறக்கினாள்.

ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பின் மின்வரைவு) எடுத்ததும் ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக் குழாய்களுக்குள் மருந்து செலுத்திப் படமெடுப்பது) செய்தார்கள். முன்பக்கக் குழாயில் அடைப்பு. மணிக்கட்டு வழியாகக் கம்பி நுழைத்து ஒரு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) பொருத்தினார்கள். எனக்கு மயக்கம் கொடுக்கவில்லை. மேலே திரையில் என் இதயத்தைப் பார்த்தேன். யாருடையதோ மாதிரி இருந்தது.

மறுநாள் டாக்டர் வந்தபோது ஷீபா கட்டிலருகே இருந்தாள். என் மனதில் இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. என் உயிரைக் காப்பாற்றியவள்தான், ஆனாலும் வந்தது.

"டாக்டரே, எனக்க எடை கூடவே இல்லியே. இவளைப் பாருங்க. எனக்கு என்னத்துக்கு வந்தது?"

டாக்டர் சிரிக்கவில்லை. கொழுப்பு எவ்வளவு என்பது மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்றார். அவர் மலையாளத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மாதவிடாய் இருக்கும் காலம்வரை ஈஸ்ட்ரோஜன் (சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன்) பெண்ணின் கொழுப்பைப் பின்புறத்துக்கும் தொடைக்கும் அனுப்புகிறது. அங்கே அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்த ஹார்மோன் குறைந்ததும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்க் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. அந்தக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் கொழுப்பையும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கூட்டிவிடும், குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கும். எனக்குக் கையும் காலும் வற்றி, வயிறு மட்டும் கூடியிருந்தது. தராசில் இரண்டும் நேராகிவிட்டன.

ஷீபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பம் எனக்கு நல்லதாக்கும் இல்லியா?" என்றாள்.

"நல்லதுன்னு யார் சொன்னா? முட்டி கேடாகும். உங்களுக்கும் ஒருநாள் நிக்கும், அப்போ கொழுப்பு இடம் மாறும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் என் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்தபோதுதான் எனக்குப் பாவாடைக் கயிறு நினைவுக்கு வந்தது. ரெடிமேடாக வாங்கும் உள்பாவாடைகளில் கயிறு வரவரக் குட்டையாக வருகிறதென்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு சண்டை வேண்டாமென்று பக்கத்து ஊரான உச்சக்கடையில் நீளக் கயிறு வாங்கி நானே கோத்துக்கொண்டேன். சேலைக்கு அளவு கிடையாது. வீட்டில் நைட்டி, அதற்கும் கிடையாது. உடம்பு என்னோடு பேச வைத்திருந்த ஒரே வழி அந்தக் கயிறுதான். அதையும் மாற்றிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் ஒரு எளிய வழி சொன்னார். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்தால் தொப்புள் பக்கம் சுற்றி எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். கொல்லயிலுக்கு வந்ததும் என் கணவர் என்னைக் கதவோடு நிறுத்தி, மிச்சமிருந்த பாவாடைக் கயிற்றையே வெட்டினார். மடித்துச் சுற்றினார். நுனிகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. "இது குறையாம நான் விடமாட்டேன், கேட்டியா" என்று சொன்னவர் பின்பக்கம் போய் அழுதார்.

மாத்திரைகள் இருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க, கொழுப்புக் குறைய, அழுத்தம் குறைய. ரப்பர் தோட்டத்து வழியே நடக்கிறேன். முதலில் பக்கத்து வீட்டு மதில்வரை, பிறகு சர்ச்வரை, இப்போது வயல் தாண்டியும். காலில் கொஞ்சம் சதை திரும்பியிருக்கிறது. கயிற்றில் இடைவெளி ஒரு விரலாகிவிட்டது.

பயம் குறையவில்லை. இன்னும் எனக்குச் சூடு வருகிறது. ஒவ்வொரு முறையும் அது வெறும் சூடுதானா என்று காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் மாதத்தை வைத்து உடம்பை அறிந்தேன். இப்போது ஒரு வியர்வை தொடங்கி அடங்கும் நேரம்தான் என் காலம். ரயிலில் இப்போது சன்னலோரம் தருமுன் தாடை, முதுகு, மூச்சு எல்லாம் விசாரிக்கிறார்கள். கையையும் தொட்டுப் பார்க்கிறார்கள். கை சூடாக இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இந்த ஈஸ்டருக்கு ஷீபா புதுச் சேலையில் வந்தாள். அவளுக்கும் நின்று ஒரு வருடம் கழிந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மெலிஞ்சு சுந்தரியாயாச்சே, என்ன தின்னே, என்ன செய்தே? வீட்டுக்கு வந்தும் அவளுக்கு அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"தொடையெல்லாம் வத்திப்போச்சு பாத்தியா அக்கா? இனி நீ என்ன சொல்லி என்னைக் களியாக்குவே, கேலி பண்ணுவே?"

நான் தொடையைப் பார்க்கவில்லை. சேலைக் கொசுவத்துக்கு மேலே பார்த்தேன். அடுக்களைக்குள் கூட்டிப்போய் அவள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டினேன். மடித்துச் சுற்றினேன். எனக்கு அன்றிருந்த இடைவெளியைவிடக் கூடுதலாக இருந்தது.

"போட்டும், அக்கா. எனக்க பங்குக்கு அண்ணைக்கே வீல்சேர்ல இரிந்தாச்சுல்லா" என்று சிரித்தாள். நான் கயிற்றை எடுக்கவில்லை. அவள் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்பம் அந்த நர்ஸ் தப்பா ஒண்ணும் செய்யல. கொஞ்சம் முந்திட்டா, இல்லியா?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே டாக்டரைப் பார்க்க இருவரும் லீவு போட்டோம். பாறசாலையிலேயே சன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தேன். நெய்யாற்றின்கரையில் அவள் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தேன்.

"எனக்குச் சூடு ஒண்ணும் இல்லியே அக்கா."

"அது வாறதுக்கு முன்னேயாக்கும் நான் இரிக்கச் சொல்லுது" என்றேன். "இரி."